சொல்லை உண்ணல்: விவிலியத் தமிழாக்கங்களில் ஒரு குறியீட்டின் வரலாறு

0. முன்னுரை

இறைவாக்கினர் ஒருவர்முன் சுருளேடு ஒன்று விரிக்கப்படுகின்றது. அதன் இருபுறமும் இரங்கலும் துயரும் எழுதப்பட்டுள்ளன. அதனைப் படிக்குமாறு அவர் பணிக்கப்படவில்லை, உண்ணுமாறு பணிக்கப்படுகின்றார். அவர் உண்கின்றார், அது வாயில் தேனாக இனிக்கின்றது. அதன் பின்னரே தம் மக்களிடம் சென்று பேசுமாறு அனுப்பப்படுகின்றார். எசேக்கியேல் நூலின் தொடக்கத்தில் (2:8 – 3:3) இடம்பெறும் இந்நிகழ்ச்சி, இறைவனின் சொல்லை உணவாகக் காணும் விவிலிய மரபின் உச்சநிலை எனலாம்.

இக்குறியீட்டின் பொருள் குறித்து இறையியலார் மிகுதியாக எழுதியுள்ளனர். மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அது வேறொரு வினாவை எழுப்புகின்றது. எபிரேயத்தில் ஒரே வினைச்சொல்லால் சுட்டப்பெறும் செயல், உணவு வினைகளைப் பலவாறாகப் பகுத்து வழங்கும் தமிழில் எச்சொற்களால் பெயர்க்கப்பட்டது? அத்தேர்வு குறியீட்டை எவ்வாறு மாற்றியது?

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. தில்லி லக்ஷ்மிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று உள்ளது; இக்கட்டுரையாளர் வாழும் பகுதியும் அதுவே. அக்குடியிருப்பில் தமிழ் பயிலும் மாணவர் சிலரிடம் எசேக்கியேலின் இப்பகுதியைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து படித்துக் காட்டியபோது, ‘புசி’ என்பதனைப் ‘பசி’ என்பதன் அச்சுப்பிழையாகவே அவர்கள் கருதினர். உண்ணுதலைக் குறிக்கும் சொல், உணவின்மையைக் குறிக்கும் சொல்லாகக் கேட்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்க் கிறித்தவரின் வழிபாட்டு மொழியில் நிலைபெற்ற சொல் இது. அது எவ்வாறு அந்நிலையை அடைந்தது, எதனைக் காத்தது, எதனை இழந்தது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

1. மூலநூல்களில் சொல்லும் உணவும்

விவிலியத்தில் இறைச்சொல் உணவாகக் கூறப்படும் இடங்களை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது ஒப்புமை. இறைவனின் கட்டளைகள் தேனினும் இனியவை எனத் திருப்பாடல்கள் (19, 119) கூறுகின்றன. மனிதன் உணவால் மட்டுமன்றி இறைவாயிலிருந்து வரும் சொல்லாலும் வாழ்கின்றான் என்னும் இணைச்சட்ட நூற்கருத்தும் (8:3), அதனை இயேசு பாலைநிலத்தில் எடுத்தாளும் மத்தேயு நூற்பகுதியும் (4:4) இவ்வகையின. ஆமோஸ் நூல் (8:11) ஒருவகைப் பஞ்சத்தை முன்னறிவிக்கின்றது: அஃது உணவுப் பஞ்சமன்று, இறைச்சொல்லைக் கேட்க இயலாத பஞ்சம்.

இரண்டாவது உருவகம். தொடக்கநிலைக் கற்பித்தலைப் பாலாகவும் முதிர்ந்த கற்பித்தலைத் திண்ணிய உணவாகவும் உருவகிப்பது புதிய ஏற்பாட்டுத் திருமுகங்களில் காணப்படும் வழக்கு (1 கொரிந்தியர் 3:2, எபிரேயர் 5:12–14, 1 பேதுரு 2:2).

மூன்றாவது செயல். கி.மு. 593 அளவில் பாபிலோனியச் சிறையிருப்பில் எசேக்கியேல் சுருளேட்டை உண்கின்றார். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுந்ததாகக் கருதப்படும் திருவெளிப்பாட்டு நூலில் (10:8–11) யோவான் சிறு ஏடொன்றை வானதூதரின் கையிலிருந்து பெற்று உண்கின்றார். வாயில் இனித்த அது வயிற்றில் கசக்கின்றது. எண்ணாகம நூல் (5:11–31) ஒரு சடங்கினையே விதிக்கின்றது: ஐயத்திற்கு ஆளான மனைவிக்குரிய சாபச்சொற்கள் ஏட்டில் எழுதப்பட்டு, கசப்புநீரில் கழுவிக் கரைக்கப்பட்டு, அந்நீர் அவளுக்குக் குடிக்கக் கொடுக்கப்படுகின்றது. இங்குச் சொல் உவமையாக நிற்கவில்லை. மையாகி நீராகி உடலினுள் செல்கின்றது.

எரேமியா நூற்பகுதி (15:16) இம்மூன்றற்கும் இடைப்பட்டது. இறைவனின் சொற்கள் கிடைத்தன, அவற்றை உண்டேன் என்று அவர் கூறுகின்றார். ஏடோ சுருளோ அங்குக் குறிக்கப்படவில்லை. எபிரேய மூலத்தில் எரேமியாவும் எசேக்கியேலும் ஆளும் வினையடி ஒன்றே: ‘ஆகல்’. அப்பத்தை உண்பதற்கும் ஏதேன் தோட்டக் கனியை உண்பதற்கும் வரும் அன்றாடச் சொல் அது. எழுபதின்மர் பெயர்ப்பு எனப்படும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலோ எரேமியாவின் இவ்வடியில் உண்ணுதல் இல்லை. பகைவரை முடித்துவிடுமாறு வேண்டுதலாக அது அமைந்துள்ளது. ஆக, இக்குறியீடு தமிழை அடையுமுன்னரே மொழிபெயர்ப்பில் ஒருமுறை மறைந்திருக்கின்றது என்பது கருதத்தக்கது.

மொழிபெயர்ப்பாளருக்கு இம்மூவகையும் ஒருதன்மையன அல்ல. ஒப்புமையிலும் உருவகத்திலும் வினையைச் சற்றே நெகிழ்த்தலாம். செயலில் அவ்வாறு நெகிழ்க்க இடமில்லை. ஏடு உண்ணப்பட்டதா இல்லையா என்பதனை வினைச்சொல்லே தெரிவிக்கவேண்டும்.

2. தமிழில் உணவு வினைகள்

தமிழில் உணவு வினைகளின் பகுப்பு இலக்கணம் அளவிற்குப் பழைமையுடையது. வெவ்வேறு வினைக்குரிய பொருள்களை ஒருங்கு சுட்டும் பொதுச்சொல்லை அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையால் கூறுதல் கூடாது என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் விதிகளுள் ஒன்று. உரையாசிரியர்கள் இதற்கு ‘அடிசில்’ என்பதனைக் காட்டுவர். அடிசிலில் உண்பனவும் தின்பனவும் பருகுவனவும் நக்குவனவும் அடங்கும். ஆதலின் ‘அடிசில் தின்றார்’ என்னாது, ‘அயின்றார்’, ‘மிசைந்தார்’ எனப் பொதுவினையாற் கூறவேண்டும் என்பது அவர்தம் விளக்கம்.

இம்மரபில் ஏட்டிற்கு இடமில்லை. தோற்சுருளோ நாணற்சுருளோ கடித்து மெல்லவேண்டிய திண்பொருள்; பொருள்நோக்கில் அது தின்பனவற்றுள் அடங்கும். ஆயின் அது தாங்கியிருப்பது இறைச்சொல். இற்றைத் தமிழில் ‘தின்’ என்பது விலங்கிற்கும் தின்பண்டத்திற்கும் மதிப்புக் குறைந்த சூழலுக்கும் உரியதாகப் பெரும்பாலும் ஒதுங்கிவிட்டது. ஆகவே பொருளுக்கு ஏற்ற வினை மதிப்பிற்கு ஏற்காது; மதிப்பிற்கு ஏற்ற வினை பொருளுக்கு ஏற்காது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொண்ட சிக்கலின் வேர் இதுவே.

சொல்லை உணவாகக் காணுதல் தமிழுக்குப் புதிதன்று. திருக்குறளின் ‘கேள்வி’ அதிகாரம் கேள்வியைச் செவிக்குரிய உணவாகக் கூறி, வயிற்றுக்குரிய உணவை அதற்கு அடுத்த நிலையில் வைக்கின்றது. ஆமோஸ் கூறும் கேள்விப் பஞ்சத்தைத் தமிழ் வாசகர் எளிதில் உணர இம்மரபு துணைசெய்யும். ஆனால் வள்ளுவர் காட்டும் உணவு செவிவழியது. எசேக்கியேலுடையது வாய்வழிப் புகுந்து வயிற்றை நிரப்புவது.

நூலை வாய்வழி உட்கொள்ளும் கருத்தும் தமிழ் வழக்கில் உண்டு. ஒரு நூலை முற்றக் கற்றவரை அதனைக் ‘கரைத்துக் குடித்தவர்’ என்கிறோம். தமிழக முசுலிம்களிடையே திருமறை வசனங்களைப் பீங்கான் தட்டில் எழுதி, நீரில் கரைத்து, நோயுற்றோர்க்குக் குடிக்கக் கொடுக்கும் வழக்கம் இருந்துவந்துள்ளது. எண்ணாகமச் சடங்கின் சாபநீரும் இப்பீங்கான் நீரும் நோக்கத்தால் எதிரெதிரானவை, முறையால் ஒன்றுபட்டவை. எனினும் மரபுத்தொடருக்கும் எசேக்கியேலின் செயலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கரைத்துக் குடித்தவர் நூலைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவருகின்றார். எசேக்கியேலிலோ நூல் உண்டவரைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவருகின்றது.

3. ‘புசி’ நிலைபெற்ற வரலாறு

விவிலியத் தமிழாக்கத்தின் தொடர்ந்த வரலாறு தரங்கம்பாடியில் தொடங்குகின்றது. 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு 1708இல் புதிய ஏற்பாட்டைப் பெயர்க்கத் தொடங்கினார்; அது 1714–1715இல் அச்சேறியது. இந்திய மொழியொன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே. 1719இல் அவர் மறைந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத் நூல்வரையே முடிந்திருந்தது. எஞ்சியதைப் பெஞ்சமின் சூல்ட்சே நிறைவு செய்தார். எனவே எசேக்கியேலின் சுருளேடு சீகன்பால்குவின் கைக்கு வரவேயில்லை. திருவெளிப்பாட்டின் சிற்றேடு மட்டுமே வந்தது.

பின்னர்ச் சென்னையில் பணியாற்றிய பப்ரிசியஸ் (1711–1791) இவ்விரண்டையும் திருத்திப் புதிய பெயர்ப்பொன்றை உருவாக்கினார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. இரேனியஸ் 1827இல் மறைநூல் மொழிபெயர்ப்பின் நெறிகள் குறித்துத் தனிநூல் எழுதி, மூலத்தின் சொல்லமைப்பைவிடத் தமிழின் இயல்புக்கு முதன்மை தரவேண்டும் என வாதிட்டார். 1833இல் தம் புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் தலைமையில் உருவான பெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதன் ஆக்கத்தில் ஆறுமுக நாவலர் பங்கு பெரிது. இவற்றையெல்லாம் கருத்திற்கொண்டு, பப்ரிசியஸின் நடையை அடிப்படையாகக் கொண்டு, ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கிய ஐக்கியப் பெயர்ப்பு 1871இல் வெளிவந்தது. சீர்திருத்தச் சபையாரிடையே இன்றும் பெருவழக்கில் உள்ளது இதுவே.

ஐக்கியப் பெயர்ப்பில் எசேக்கியேல் சுருளைப் ‘புசிக்கின்றார்’. யோவானும் சிறு புத்தகத்தை ‘வாங்கிப் புசிக்குமாறு’ ஏவப்படுகின்றார். ஏதேன் தோட்டத்துக் கனியைப் பற்றிய விலக்கிலும் (ஆதியாகமம் 2:17), இறுதி இராவுணவில் அப்பத்தைக் கொடுத்துக் கூறும் ஏவலிலும் (மத்தேயு 26:26) வருவது இவ்வினையே. இராவுணவுப் பகுதியிலும் அஃது ‘வாங்கி’ என்னும் எச்சத்தைத் தழுவியே வருகின்றது. கிரேக்க மூலத்தில் இவ்விரு புதிய ஏற்பாட்டு இடங்களும் ‘எடு, உண்’ என்னும் இரட்டை ஏவலால் அமைந்தவை. தமிழில் அவ்விணைவு காக்கப்பட்டுள்ளது. இதனால் ஐக்கியப் பெயர்ப்பைப் பயில்வோர்க்குத் தோட்டத்துக் கனி, இறைவாக்கினரின் சுருள், யோவானின் ஏடு, இராவுணவின் அப்பம் ஆகிய நான்கும் ஒரே வினையால் கோக்கப்பட்ட மணிகளாகத் தோன்றுகின்றன. விலக்கப்பட்டதை உண்டதால் வந்த கேடு, கொடுக்கப்பட்டதை உண்பதால் தீர்கின்றது என்னும் கருத்தைச் சொல் ஒன்றே உணர்த்திவிடுகின்றது.

‘புசி’ என்பது வடமொழிப் ‘புஜ்’ என்னும் அடியிலிருந்து வந்தது. அவ்வடிக்கு உண்ணுதலோடு நுகர்தல், துய்த்தல் என்னும் பொருள்களும் உண்டு. தமிழில் சைவ சித்தாந்த நூல்கள் வினைப்பயனைத் துய்ப்பதனைப் ‘புசிப்பு’ என வழங்கின. ஆகவே இச்சொல் உண்ணுதல், அனுபவித்தல் ஆகிய இரண்டையும் சுமந்து வந்தது. சுருளைப் புசித்தவர் அதிலுள்ள துயரையும் துய்க்கவேண்டியவராகின்றார். குறியீட்டிற்கு இது பொருத்தமான வளமே.

இழப்பும் உண்டு. மூலத்தின் வினை அன்றாடச் சொல். ‘புசி’யோ காலப்போக்கில் பேச்சுவழக்கிலிருந்து விலகி வழிபாட்டிற்கே உரியதாயிற்று. தோற்சுருளைக் கடித்து விழுங்கும் அருவருப்பும் அச்சமும் அதில் ஒலிப்பதில்லை. யோவான் நற்செய்தி ஆறாம் இயலில் கிரேக்க மூலம் ஒரு கட்டத்தில் (6:54) பொதுவான உண்டல் வினையை விடுத்து, கடித்து மெல்லுதலைக் குறிக்கும் ‘த்ரோகோ’ என்னும் வினைக்கு மாறுகின்றது. ஐக்கியப் பெயர்ப்பு அங்கும் ‘புசி’ என்பதனையே தொடர்கின்றது. கோவையைக் காத்த சொல் கூர்மையை மழுக்கிவிட்டது எனலாம்.

4. ‘உட்கொள்’, ‘ஞானப்பால்’

எரேமியாவின் அடியில் ஐக்கியப் பெயர்ப்பு ‘புசி’யைக் கைவிட்டு ‘உட்கொள்’ என்பதனை ஆள்கின்றது. ஏடின்றிச் சொற்களே செயப்படுபொருளாக நிற்கும் இடம் இது. மருந்தையும் உட்கொள்ளலாம், கருத்தையும் உட்கொள்ளலாம். மூலத்தில் ஒன்றாக இருந்த செயல் தமிழில் இங்கு இரண்டாகப் பிரிகின்றது: சொற்கள் உட்கொள்ளப்படுகின்றன, சுருள் புசிக்கப்படுகின்றது. இதனால் எரேமியாவின் கூற்று எளிதில் விளங்குகின்றது. ஆயின் எசேக்கியேல் அவரது சொல்லைச் செயலாக்கிக் காட்டுகின்றார் என்னும் தொடர்பு மறைகின்றது.

இதற்கு மாறாக, பேதுருவின் முதல் திருமுகத்தில் (2:2) தமிழ் மூலத்தினும் மிகுதியாகப் பேசுகின்றது. புதிதாகப் பிறந்த குழந்தைகளைப்போல விரும்பவேண்டிய பாலுக்குக் கிரேக்கத்தில் வரும் அடை ‘லோகிகோஸ்’. ‘லோகோஸ்’ என்பதனடியாகப் பிறந்த இவ்வடையைச் ‘சொல்லைச் சார்ந்த’ என்றும், ‘அறிவைச் சார்ந்த, ஆவிக்குரிய’ என்றும் இருவகையாகக் கொள்ளலாம். ஐக்கியப் பெயர்ப்பு உரோமையர் திருமுகத்தில் (12:1) இவ்வடையைப் ‘புத்தியுள்ள’ எனப் பெயர்த்தது. பேதுருவிலோ ‘திருவசனமாகிய’ என்றும் ‘ஞானப்பால்’ என்றும் இரு பொருளையும் ஒருங்கே தந்தது.

‘ஞானப்பால்’ என்றவுடன் தமிழர் நினைவுக்கு வருவது சீகாழிக் குளக்கரையில் உமையம்மை அளித்த பாலை உண்டு பதிகம் பாடிய திருஞானசம்பந்தர் வரலாறு. சீகாழியிலிருந்து தரங்கம்பாடி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. மொழிபெயர்ப்பாளர் இதனை அறிந்தே ஆண்டனர் என உடனே முடிவுகட்டுதல் பொருந்தாது. ‘ஞான’ என்னும் முன்னடையை ஆவிக்குரியது என்னும் பொருளில் ஆள்வது தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நோபிலி (1577–1656) காலந்தொட்டே கிறித்தவத் தமிழில் வேரூன்றியிருந்தது. ‘ஞானஸ்நானம்’, ‘ஞானோபதேசம்’ முதலியன அவ்வாறமைந்தவை. அம்முறையில் ‘ஞானப்பால்’ தானே தோன்றியிருக்கக் கூடும். ஆயினும் சொல்லை ஆக்கியோர் கருத்து ஒன்று. கேட்போர் செவியில் அது எழுப்பும் எதிரொலி பிறிதொன்று. பெர்சிவலுடன் விவிலியப் பணியில் ஈடுபட்ட நாவலரே 1852இல் பெரியபுராணத்தை உரைநடையில் அச்சிட்டார் என்பது, இவ்விரு மரபுகளும் ஒரே அறிஞரின் மேசையில் அடுத்தடுத்து இருந்தமையைக் காட்டுகின்றது.

இரு நிகழ்ச்சிகளுக்கும் அமைப்பிலும் ஒப்புமை உண்டு. சம்பந்தர் பாலை உண்டபின் வாய்திறந்து பாடுகின்றார். எசேக்கியேல் சுருளை உண்டபின் வாய்திறந்து பேசுகின்றார். உண்ணுதல் பேச்சின் தொடக்கமாகின்றது. சம்பந்தர் உண்டது சொல்லைத் தரும் பால். எசேக்கியேல் உண்டது சொல்லையே. இவ்வேறுபாட்டையும் மறத்தலாகாது.

5. 1995: ‘தின்’ மீண்டும் வருதல்

கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கிய ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. வடமொழிச் சொற்களைக் குறைத்து இக்காலத் தமிழில் அமைந்த இப்பெயர்ப்பில் ‘புசி’க்கு இடமில்லை. எரேமியாவில் ‘உட்கொள்’ தொடர்ந்தது. இராவுணவில் ‘உண்’ வந்தது. எசேக்கியேலின் சுருளேட்டிற்கும் யோவானின் சிற்றேட்டிற்கும் ‘தின்’ வந்தது.

ஏவல் ‘தின்றுவிடு’ என அமைந்தமை நோக்கத்தக்கது. திருவெளிப்பாட்டில் கிரேக்க வினை ‘கதஃபகே’. அதன் முன்னொட்டு மீதமின்றி உண்டு முடித்தலைக் குறிக்கின்றது. தமிழில் ‘விடு’ என்னும் துணைவினை அம்முற்றுநோக்கைச் செவ்வையாக ஏற்றுள்ளது. மேலும், தொல்காப்பிய உரைமரபின்படி மென்று விழுங்கும் திண்பொருளுக்கு உரிய வினையும் ‘தின்’னே. ஐக்கியப் பெயர்ப்பு இழந்த உடற்கூர்மையை இது மீட்டுத் தந்தது. கட்டளையைக் கேட்பவர் திடுக்கிடவேண்டும் என்பதே மூலத்தின் நோக்கமாயின், இத்தேர்வு அதனை நிறைவேற்றுகின்றது.

ஆனால் கோவை அறுந்தது. கனியும் அப்பமும் உண்ணப்படுகின்றன, ஏடு தின்னப்படுகின்றது. இறைவாக்கினரின் சுருளையும் இராவுணவின் அப்பத்தையும் இணைத்துக் காணும் வாய்ப்பு இப்பெயர்ப்பில் சொல்லளவில் இல்லை. 1871இன் தேர்வு நூல் முழுவதும் ஓடும் தொடர்பைக் காத்தது; 1995இன் தேர்வு ஒவ்வோரிடத்தின் இயல்பைக் காத்தது. தமிழின் வினைப்பகுப்பு இவ்விரண்டையும் ஒருசேரக் காக்க இடந்தரவில்லை. இதனைப் பெயர்த்தோரின் குறையாகக் கொள்ளாது, மொழியமைப்பு விதிக்கும் விலையாகக் கொள்வதே முறை.

6. உண்டவர் பட்ட கடன்

வினைத்தேர்வு எவ்வாறாயினும் குறியீட்டின் உட்கிடை ஒன்று உண்டு: உண்டவர் கடன்பட்டவர் ஆகின்றார். மொழிவழக்குகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. தமிழில் ‘உண்’ துணைவினையாகும்போது செயப்பாட்டுப் பொருள் தருகின்றது: கட்டுண்டான், வெட்டுண்டான். உண்டவனே செயலுக்கு ஆட்படுகின்றான். இந்தியிலும் அடிபடுதலை ‘மார் கானா’, அதாவது அடியை உண்ணுதல் என்பர். லக்ஷ்மிபாய் நகர்த் தமிழ்ச் சிறுவர் நாள்தோறும் தெருவில் கேட்கும் மற்றொரு தொடர் ‘கஸம் கானா’. சூளுறவை உண்ணுதல் என்பது அதன் சொற்பொருள். பாரசீகத்தின் ‘சௌகந்த் குர்தன்’ இதற்கு இணையான தொடர். கந்தகம் கலந்த நீரைப் பருகி வாய்மையை மெய்ப்பிக்கும் பழைய ஈரானியச் சோதனைமுறையின் எச்சம் அது என்பர். எண்ணாகமத்தின் கசப்புநீரும் இவ்வகையினதே. தமிழர் சூளுறவை உண்பதில்லை. சத்தியம் செய்வர், ஆணையிடுவர். ஆனால் பிறர் இட்ட சோற்றை உண்டவர் பட்ட கடனைச் ‘செஞ்சோற்றுக் கடன்’ என்று போற்றுவர். ‘புசி’ என்பதன் பொருளறியாத மாணவர்க்கு எசேக்கியேலின் செயலை விளக்கப் பொருத்தமான சொல் இதுவே எனத் தோன்றுகின்றது. சுருளை உண்டவர் வாளாவிருக்க இயலாது. அவர் செலுத்தவேண்டிய கடன் பேச்சு.

அப்பேச்சு எம்மொழியில் என்னும் வினாவை இவ்விரு நூல்களுமே எழுப்புகின்றன. சுருளை உண்ட எசேக்கியேல், விளங்காத மொழி பேசும் அயலாரிடம் தாம் அனுப்பப்படவில்லை, தம் மொழியினரிடமே அனுப்பப்படுவதாக அறிகின்றார் (3:4–6). ஏட்டை உண்ட யோவானோ பல மக்களையும் பல மொழியினரையும் குறித்து மீண்டும் உரைக்கவேண்டியவராகின்றார் (10:11). முன்னவரின் வாயில் இனிப்பு மட்டுமே சொல்லப்பட்டது. பின்னவரின் வயிற்றில் கசப்பும் சேர்ந்தது.

7. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு. எபிரேயத்தின் ஒரே உணவு வினை தமிழில் புசி, உட்கொள், தின், உண் எனப் பலவாகப் பிரிந்தது. ஐக்கியப் பெயர்ப்பு குறியீட்டின் தொடர்ச்சியையும் பொதுப் பெயர்ப்பு அதன் பருமையையும் காத்தன. ‘ஞானப்பால்’ போன்ற சொற்களில் தமிழ் மரபு மூலத்தில் இல்லாத எதிரொலியைச் சேர்த்தது.

இனிவரும் பெயர்ப்புகள் ‘புசி’யை மீட்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று, பொருள் விளங்காத சொல் உணவாகாது. ஆயின் ஒரு சொல்லை நீக்குமுன், அது நூலின் எவ்வெவ்விடங்களை ஒன்றோடொன்று கட்டியிருந்தது என்பதனை எண்ணிப் பார்த்தல் மொழிபெயர்ப்பாளரின் கடமை. அயல்மொழிச் சொல்லை உட்கொண்டு தம் மொழியில் உரைக்கும் அவர்க்கும் யோவானின் நிலையே வாய்க்கின்றது. மூலத்தைப் படிக்கும்போது வாயில் இனித்தது, தம் மொழியில் அதற்குச் சொல் தேடும்போது வயிற்றில் கசக்கின்றது.